பச்சை அறை

நாடகக் கொட்டகையில் நடிகர்கள் இளைப்பாறும் அறைக்கு ஆங்கிலத்தில் 'கிரீன் ரூம்' என்று பெயர். 2015-இல் கான் விழாவில் முதன்முதல் காட்டப்பட்ட அமெரிக்கப் படத்துக்கும் இதுவே பெயர். டைரக்டர் ஜெரிமி ஸால்னியர்.

பிறர் மோட்டார்களிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி ஊர் ஊராகச் செல்லும் ஏழை வாத்தியக் கோஷ்டி ஒன்று, ஆரிகன் மாகாணத்துக் காட்டுக் கொட்டகையில் பாட வருகிறது. சபையோரோ ஹிட்லர் பக்தர்கள்! அவர்கள் முகத்துக்கு நேரே நாஜிகளை ஏசிப் பாடுகிறார்கள் பிள்ளைகள். அதிலும் தப்பிவிடுகிறார்கள். மறந்துவைத்த கைப்பேசியை எடுக்கப் போன அறையில் ஒரு பெண்ணின் பிணத்தைக் கண்டதுதான் வினை. கதவு அடைபடுகிறது.

வெளியே நிற்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்த பாட்ரிக் ஸ்டூவர்ட். குடித்தனக்காரரிடம் வாடகை பேசும் வீட்டுக்காரரைப் போல், துப்பாக்கியைக் கொடுத்துவிடும்படி சாந்தமாகக் கேட்கிறார். அந்தச் சாந்தந்தான் நம்மை நடுங்க வைக்கிறது. நம்பி நீட்டிய கை வெட்டுண்டு திரும்புகிறது. அதை அவ்வளவு விஸ்தாரமாகக் காட்டியிருக்க வேண்டாம். குழந்தைகளுடன் பார்க்கத் தக்க படமன்று.

உள்ளே இருப்பவர்களுக்குச் சண்டை தெரியாது. ஏதேதோ யோசிக்கிறார்கள், தவறுகிறார்கள், சாகிறார்கள். ஆகவே ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

கை வெட்டுண்ட இளைஞனாக நடித்த ஆண்டன் யெல்சின், லெனின்கிராடில் பிறந்த யூதப் பிள்ளை. அமெரிக்கக் கொட்டகைகளில் படம் வெளியாகி இரண்டு மாதமே ஆகியிருந்தபோது, 2016 ஜூனில், வீட்டு வாசலில் அவருடைய சொந்த மோட்டாரே உருண்டு வந்து நசுக்கிற்று. வயது 27.