இடது கையில் போன், வலது கையில் சோறு

அவசர வாழ்க்கையில் நிதானமாக இருப்பது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி, கொடைக்கானல் மௌன முகாம், அதிகாலை நடை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு முடித்திருக்கலாம். விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான், விஷயம் முழுக்கச் சாப்பாட்டு இலையில் கிடப்பது தெரிந்தது. தியானத்துக்கு நேரமில்லை என்பவர்கள் தாராளமாக மேலே படிக்கலாம். சாப்பிட நேரமில்லாதவர்கள்கூட ஏதோ ஒரு நேரத்தில் சாப்பிடத்தானே செய்கிறார்கள்?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் பின்தெரு ஒன்றில் ஒரு மெஸ். மதியம் ஒன்றேகால். இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் எதிரே இருந்த இளைஞர் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டார். காதில் இயர்பட்ஸ். பரிமாறுகிறவர், “சாம்பாரா சார், வத்தக்குழம்பா?” என்று இரண்டு முறை கேட்டார். பதில் இல்லை. மூன்றாவது முறை வாளியை இலைக்கு மேலேயே நீட்ட, அவர் நிமிராமல் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்பது பரிமாறுகிறவரின் ஊகத்துக்கு விடப்பட்டது. ரசம் வந்தபோது சோற்றில் குழி இல்லை. அது இலையைத் தாண்டி மேஜை ஓரத்துக்கு ஓடிய பிறகுதான் குனிந்து இலையைப் பார்த்தார். கை கழுவும் இடத்தில் பிடித்து, “இன்னிக்கு என்ன கூட்டு தம்பி?” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “கோஸுன்னு நினைக்கிறேன் சார்.” புடலங்காய்.

வாழையிலைச் சாப்பாட்டைப் போல ஆளைக் கட்டிப்போடும் சாப்பாடு குறைவு. ரசத்துக்குக் குழி, மோருக்கு அணை, அப்பளம் நமுத்துப்போவதற்குள் நொறுக்கல், பாயசம் ஓடுவதற்குள் வழித்தல் என்று கண்ணும் கையும் ஓயாது. இதற்கு மேல் எச்சில், பத்து என்ற கண்டிப்பு வேறு. எச்சில் கையோடு எதையும் தொடாதே என்று பாட்டிகள் அதட்டியதில் சுத்தம் பாதி, தீட்டு மீதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த அதட்டலால் ஒரு நன்மை விளைந்தது. சாப்பிட்டு எழும்வரை மனிதன் வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன். பேப்பரைக்கூடச் சரியாகப் புரட்ட முடியாது. தொடுதிரை வந்த பிறகுதான் சும்மா கிடந்த இடது கைக்கு உத்தியோகம் கிடைத்தது.

இப்போது பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து நடத்தும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ வகுப்புகளின் கதையும் ஒரு வாய் உணவில்தான் தொடங்குகிறது. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு அலைந்த நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். அதன் முதல் பாடங்களில் ஒன்று, ஒரே ஒரு உலர்திராட்சையைச் சாப்பிடுவது. உள்ளங்கையில் வைத்து, இதற்கு முன் பார்த்தே இராத பொருளைப் போலப் பார்க்க வேண்டும். சுருக்கங்களை விரலால் தடவ வேண்டும். முகர வேண்டும். நாக்கில் வைத்தும் உடனே கடிக்கக் கூடாது. கடித்த பின் தித்திப்பு எந்த இடத்தில் எழுகிறது, விழுங்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வருகிறது என்றெல்லாம் கவனிக்க வேண்டும். புதிய கண்டுபிடிப்பு அல்ல இது. கபாட்-ஜின் பௌத்தத் தியானம் பயின்றவர். தின்னும்போதும் குடிக்கும்போதும் மெல்லும்போதும் தான் செய்வதை அறிந்தே செய்யச் சொல்கிறது பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான சதிபட்டான சுத்தம். நம் ஊரில் நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். (அமெரிக்காவில் ஹொரேஸ் ஃப்ளெட்சர் என்று ஒருவர், வாயில் போட்டது கூழாகும்வரை மெல்லச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்து பெரும் புகழ் பெற்றார். 1919-ல் காலமானபோது அவருக்கு வயது 69. நூறு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

வயிறு நிறைந்த சேதி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுகிறவருக்கு அந்தச் சேதி பைக்கில் போகும்போதுதான் கிடைக்கிறது. வேகத்தைவிடவும் மோசம் கவனச் சிதறல். இது பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. வேறெதிலோ கவனம் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் அந்த வேளையில் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியம், அடுத்த வேளையில் இன்னும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். மதியச் சாப்பாடு மனதில் பதியவில்லை என்றால் சாயங்காலம் வயிறு அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு மணிக்கு டீக்கடை பஜ்ஜி ஏன் அப்படிக் கூப்பிடுகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

இத்தாலியில் கார்லோ பெட்ரினி என்பவர் 1986-ல் ரோம் நகரின் ஸ்பானியப் படிகளுக்குப் பக்கத்தில் திறக்க இருந்த துரித உணவுக் கடையை எதிர்த்துக் கிளம்பியதும், அதிலிருந்து ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் வளர்ந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அவர் கவலை தட்டில் என்ன இருக்கிறது என்பது. என் கவலை கண் எங்கே இருக்கிறது என்பது.

பெரியவர்களையாவது விட்டுவிடலாம், கெட்டால் தாங்களே கெட்டார்கள். பிள்ளைகளை எப்படி விடுவது? எந்தக் கல்யாணப் பந்திக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை அம்மா மடியில். சித்தப்பா கையில் போன். திரையில் ஏதோ வண்ண வண்ண லாரிகள் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுகின்றன. குழந்தையின் வாய் பாதி திறந்தபடி நிற்க, அம்மா பருப்புச் சாதத்தை உருட்டி உள்ளே தள்ளுகிறாள். அது மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு பார்க்கிறது. “முழுங்குடா செல்லம், முழுங்கினாத்தான் அடுத்த வீடியோ.” பேட்டரி தீர்ந்து திரை அணைகிறது. அடுத்த நொடி பந்தியே திரும்பிப் பார்க்கும் அழுகை. மூன்று பேர் மூன்று போனை நீட்டுகிறார்கள்.

“அந்தக் காலத்தில நிலாவையும் காக்காவையும் காட்டித்தானே ஊட்டினோம்? இது மட்டும் என்ன பாவம்?” என்று என்னிடமே ஒரு பாட்டி மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் நிலா மூன்று நொடிக்கு ஒரு முறை மாறுவதில்லை. காக்கா பறந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது. எல்லாவற்றையும்விட, நிலா காட்டியவரின் கண் குழந்தையின் வாயில் இருந்தது. விழுங்கியதா, புரை ஏறுகிறதா, போதும் என்று முகத்தைத் திருப்புகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்த உருண்டை வந்தது. நடுவில் பேச்சு வேறு ஓயாமல் ஓடும். போன் வந்ததும் ஊட்டுகிறவரும் சேர்ந்து திரையைப் பார்க்கிறார். போதும் என்று சொல்லக் குழந்தைக்கும் தெரிவதில்லை, சொன்னாலும் கேட்க ஆளில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைத்துத் திரை காட்டவே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 2023-ல் வந்த இணை உணவு வழிகாட்டுதல், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை குழந்தையின் பசிக்கும் போதும் என்ற குறிப்புக்கும் ஏற்ப ஊட்டச் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும். இத்தனை சொல்லியும் பந்தியில் என்ன நடக்கிறது பாருங்கள்.

இதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசுகிற பேச்சு, இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் தாய்க்கு வேறு வழியில்லை என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் கேட்பது கூடுதல் நேரத்தை அல்ல. ஊட்டுகிற அந்த நேரத்தில் போன் வேண்டாம் என்பதை மட்டும்தான்.

போனோடு சாப்பிடப் பழக்கிய பிள்ளை முதல் சில நாள் முரண்டு பிடிக்கும். பாதிச் சோற்றோடு எழுந்துவிடும். விடுங்கள், துரத்தாதீர்கள். நன்றாக இருக்கும் குழந்தை ஒரு வேளை குறைத்தால் இன்னொரு வேளையில் ஈடுகட்டிக்கொள்ளும். எடை குறைவாகவோ உடம்புக்கு முடியாமலோ இருக்கும் குழந்தை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தரையில் உட்காரவைத்து, சின்னத் தட்டில் போட்டு, தானே பிசைய விடுங்கள். பாதி தரைக்குப் போகும், துடைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டில் போன் வேண்டாம் என்பதைப் பிள்ளைக்கு மட்டும் சட்டமாக்கினால் செல்லாது. இன்றைக்கு ராத்திரி, தட்டு வைப்பதற்கு முன்பே வீட்டில் இருக்கும் அத்தனை போனையும் படுக்கையறையில் சார்ஜில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். முதலில் போகவேண்டியது அப்பாவின் போன்.