வாகனம் இல்லாத வீட்டின் எரிபொருட் கணக்கு

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாயாகவும், 121 ரூபாயாக இருந்த டீசல் 460 ரூபாயாகவும் உயர்ந்தன. உக்ரேன் போருக்குப்பின் உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை ஏறியதும், மார்ச் முதல் ரூபாயின் பெறுமதி சரிந்து டொலரில் வாங்கும் ஒவ்வொரு பீப்பாயும் உள்நாட்டுப் பணத்தில் இருமடங்கை நெருங்கியதும் இதற்கான காரணங்கள். கார் வைத்திருப்போர் வாங்கும் பெற்றோல் இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டியபோது, பஸ்ஸையும் லொறியையும் ஓட்டும் டீசல் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று என்பதே இங்கு கவனத்துக்குரியது.

டீசலின் விலை, அதை ஒருநாளும் வாங்காதவரிடமும் வந்து சேர்கிறது. ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாயாயிற்று. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கொழும்புக்கு வரும் லொறிக்கூலியும் மரக்கறி விலையில் ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம், அதாவது ஓராண்டுக்கு முந்திய விலையோடு ஒப்பிடும்போது உணவு விலை உயர்ந்த வீதம், 94.9 சதவீதமாகப் பதிவானது. அது முழுவதையும் எரிபொருளின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததால் விளைச்சல் வீழ்ந்ததும் அதில் அடங்கும்.

மண்ணெண்ணெயின் கதை இன்னும் கடுமையானது. ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்குமென மானியத்தில், அதாவது அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்குமான வேறுபாட்டை அரச தரப்பே ஏற்கும் முறையில், லீற்றர் 87 ரூபாய்க்கு விற்கப்பட்ட அது, 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. வடக்கில் ஒருநாட் தொழிலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் பெற்றோலில் தொடக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுபவை. பிடித்த மீனை விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவையும் ஐஸ் செலவையும் கழித்தபின் எஞ்சுவதையே படகு உரிமையாளரான சம்மாட்டியும் தொழிலாளரும் பங்கிடுவதால், எண்ணெய் விலை கூடினால் முதலில் சுருங்குவது இவர்களின் பங்குதான். பஸ் உரிமையாளருக்குக் கட்டணத் திருத்தம் என்ற வழியுண்டு. கரையில் ஏலத்தில் கூறி விற்கும் மீனவருக்கோ, செலவைச் சொல்லி விலை கேட்கும் வாய்ப்பில்லை. கட்டுப்படியாகாத நாட்களில் படகு கரையில் கிடக்க, சந்தைக்கு வரும் மீன் குறைந்து, வாங்குபவருக்கும் விலை ஏறுகிறது.

சமையல் எரிவாயுவும் விதிவிலக்கல்ல. 2021 ஒக்டோபர் தொடக்கம் வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு விற்கப்பட்டது. முற்றமும் மரமும் உள்ள வீடு விறகுக்குத் திரும்பலாம். கொழும்பின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதுவும் இயலாது.

2023 ஜூலையில் மொத்தப் பணவீக்கம் 6.3 சதவீதமாகக் குறைந்தபோது நிலைமை சீராகிவிட்டதாகப் பேசப்பட்டது. ஆனால் பணவீக்கம் குறைவது விலை இறங்குவதாகாது. ஏறிய விலை அங்கேயே நிற்க, அதற்குமேல் ஏறும் வேகம் மட்டுமே தணிகிறது என்பதால், கூலி உயராத வீட்டில் அந்த 6.3 சதவீதமும் முந்திய ஆண்டின் சுமைக்கு மேல் வந்து சேர்ந்த புதிய செலவாகவே இருந்தது.