பத்தாம் வகுப்போடு பசி தீருமா?
பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் போக்குவதில் தமிழகத்துக்குப் பழைய கீர்த்தி உண்டு. ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த சென்னை நகரசபை, 1920-ம் வருஷத்தில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மத்தியான உணவளித்தது. 1956-ல் காமராஜரும், 1982-ல் எம்.ஜி. ராமச்சந்திரனும் அத்தர்மத்தை விரித்தனர். ஆயினும் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. 2022-ல் தொடங்கிய காலை உணவோ ஐந்தாம் வகுப்பு வரைக்கே.

திருப்பூரில் தாயும் தந்தையும் விடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போகின்றனர். 16 வயதுப் பிள்ளைக்குப் பெட்டிக்கடைப் பொட்டலமே போஜனமாகிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் விற்கலாகாதென 2020-ல் விதி செய்தனர். நன்று, ஆனால் தடை வயிற்றை நிரப்புமா? சோறும் முட்டையும் சுண்டலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை கிடைக்கவேண்டுமென்பதே நமது கோரிக்கை. உலகுக்கு உடை தைத்தளிக்கும் ஊரின் மக்கள் பசித்திருக்கலாகாது.