ஏரியிலும் ஆற்றிலும் தூண்டில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரைச் சுற்றிய நிலம் கடலடியில் கிடந்தது என்பதற்குச் சுறாப் பற்களும் நத்தைக் கற்களும் சான்றாகக் கிடைக்கின்றன. ஆயினும் இன்று நம் குடியானவர் தூண்டில் போடுவது ஏரி, குளங்களிலும், கொள்ளிடத்திலும், வெள்ளாற்றிலுமேயாம்.

கடலோர மக்களிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அலை உடைந்து மணலைக் கிளறும் பள்ளத்தில்தான் அவர்கள் இரையை வீசுவர். கிளறிய மணலிலிருந்து வெளிப்படும் புழு பூச்சிகளைத் தேடி மீன் அங்கே வருகிறது. நீர் அசையுமிடத்தில் உணவு சேரும். உணவு சேருமிடத்தில் மீன் கூடும். இவ்விதி நம் நீர்நிலைகளுக்கும் பொருந்தும். பொழுதெல்லாம் ஒரே படித்துறையில் அமர்ந்து, தக்கை அசையவில்லையே என வருந்துவோர் பெரும்பாலும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தவர்களே.

ஏரியில் வாய்க்கால் நீர் வந்து விழும் முகப்பும், காற்று மோதும் கரையும், கோரைப் புதரின் விளிம்பும் நல்ல இடங்கள். புள்ளம்பாடி வாய்க்காலில் காவிரி நீர் வந்து சேரும் நாட்களில் முகப்பருகே அமர்ந்தால் பலன் தெரியும். (கரைவெட்டி ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே தூண்டில் போடலாகாது.) கொள்ளிடத்திலோ, விரைந்தோடும் நீரும் தேங்கிய நீரும் சந்திக்கும் கோட்டில் இரையை விடவேண்டும். 1836இல் கட்டப்பட்ட அணைக்கரையின் கீழே, மேலேற வழியின்றி மீன்கள் திரள்வதுண்டு. ஆனால் மதகு திறந்தால் நீர் திடீரெனப் பெருகும். அங்கு ஆற்றில் இறங்குதல் உயிருக்கே ஆபத்து. மணல் அள்ளிய பள்ளங்களும் அத்தகையனவே.

வேளையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. விடியுமுன்னரே சென்றால் மீன் மிகுதியாகக் கடிக்கும் என்பர். பாசி மண்டிய குளத்தில் இது பொருந்தாது. இரவெல்லாம் பாசியும் செடிகளும் நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொள்வதால், விடியற்காலையில் அது மிகக் குறைந்துவிடும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரையை நாடா. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழிந்தபின் போடுவதே நலம். கோடையின் நண்பகலில் மீன் ஆழத்துக்குச் சென்றுவிடும். மாலையில் மீண்டும் கரையை அணுகும்.

தக்கைக்குக் கீழே எவ்வளவு கயிறு விடுவது என்பதும் முக்கியம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடியிலும் மேய்வன. கெளுத்தி அடியில் மீசையால் தடவி இரையறியும். அதற்கு மண்புழுவை ஈயக்குண்டுடன் தரையில் கிடத்துக. கெண்டை வகைகளுக்குப் பிசைந்த மாவுருண்டை போதும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து ஒரு கைப்பிடி முன்னதாகத் தூவினால் மீன் கூடும்; மிகுதியாகத் தூவினால் பசியாறிய மீன் முள்ளைத் தொடாது. பெரிய முள்ளை விரும்புவோர் பலர். சிறிய, கூரிய முள்ளே அதிகம் கடிபடும். மீனின் பக்கவாட்டிலுள்ள உணர்கோடு கரையின் அதிர்வை உணருமாதலால் மெல்ல நடத்தலும், நிழல் நீரில் விழாமல் அமர்தலும் வேண்டும்.

விராலைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே மிதக்கக் காணலாம். தாயும் தந்தையும் கீழேயிருந்து அவற்றைக் காக்கின்றன. அத்திரளின் நடுவே தவளையை இரையாகக் கோத்துப் போட்டால் காவல் மீன் சீறி வந்து கடிக்கும். இதைவிட எளிய வேட்டை இல்லை. ஆனால் காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கிவிடும். ஒரு மீனுக்காக ஒரு திரள் அழிகிறது. மறு ஆண்டு அந்த ஏரியில் விரால் கடிப்பது அருகிவிடும். குஞ்சுத் திரள் காணும் சில வாரங்களில் அவ்விடத்தில் தூண்டில் போடலாகாது என்பதை, பஞ்சாயத்து ஏரிகளைக் குத்தகைக்கு விடுகையில் நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளலாம். ஊர்ப் பையன்களுக்கும் அறிவித்துவிடுவது நல்லது. விரால் திரளை முதலில் காண்பவர்கள் அவர்களே.