கோணினாலும் நிற்கும் மாளிகை

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் ஊருக்கு அருகே அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். முதலில் பார்ப்பவருக்கு, இது எப்போது விழும் என்ற பயம்தான் வரும். சன்னல்கள் சாய்ந்திருக்கின்றன, மாடி கீழ்த்தளத்தைத் தாண்டி வெளியே நீள்கிறது. மோர்ட்டன் குடும்பத்தார் 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஏறத்தாழ நூறாண்டுகள் பகுதி பகுதியாகக் கட்டிய வீடு இது.

வீட்டைத் தாங்குவது ஓக் மரச் சட்டகம். தூணும் உத்தரமும் சாய்வுக் கட்டைகளும் சேர்ந்து கூரையின் பாரத்தைத் தரைக்கு இறக்குகின்றன. இத்தகைய வீடுகளில் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசுவார்கள். அது காற்றையும் மழையையும் தடுக்கும், பாரம் சுமக்காது.

அக்காலத் தச்சர்கள் ஓக்கைக் காயவிடாமல் பச்சையாகவே செதுக்கினார்கள். காய்ந்தால் உளி இறங்குவது கடினம். ஆனால் பச்சை மரம் வீட்டில் ஏறிய பிறகு காயும். அப்போது நீளவாக்கில் அநேகமாக மாறாது. குறுக்குவாக்கில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். இது தெரிந்தேதான் மூட்டினார்கள். ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகுவார்கள். ஆணி போகும் துளைகளை மட்டும் நேருக்கு நேர் போடாமல் சற்றே தள்ளிப் போடுவார்கள். மர ஆணியை அடித்து இறக்கும்போது, அந்தச் சிறு விலகலே இரண்டு கட்டைகளையும் இழுத்து இறுக்கிவிடும். மரம் காய்ந்தாலும் பிடி விடாது. இந்த வீடுகளில் என்னை அதிகம் வியக்கவைப்பது, வெளியே தெரியாத இந்த விலகல்தான்.

முற்றத்தைப் பார்த்த பெரிய சன்னல்களில் 1559 என்ற ஆண்டோடு, அவற்றைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்திலேயே தச்சர் பெயர்! அந்த மரியாதைக்கு அவர் முற்றிலும் தகுதியானவர்.

வீட்டின் கோணலுக்குப் பெரும் காரணம் உச்சியிலிருக்கும் நீள்கூடம். தெற்குப் பகுதியின் மேல் ஏற்றிய அதன் நீளம் சுமார் 21 மீட்டர். கூரையில் ஓடு இல்லை, கனத்த மணற்கல் பலகைகள். அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்கள் வளைந்தன. கூடம் பிளந்துவிடாதிருக்க, பின்னர் குறுக்கு உத்தரங்கள் போட்டிருக்கிறார்கள். 1892இல் வீட்டைப் பெற்ற எலிசபெத் மோர்ட்டன் எஃகுக் கம்பிகளைச் செருகி அதை நிலைப்படுத்தியிருக்கலாம். 1938இலிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வீட்டைப் பராமரித்துவருகிறது. இன்றும் பார்வையாளர்கள் அந்தக் கூடத்துக்கு ஏறிப் போகலாம். தரை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும்.