குழியில் வாழ்ந்தவர்களா?

சாக்ஷியை விசாரியாமல் தீர்ப்புக் கூறுவதை எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது. ஆயினும், வாய் திறந்து பேசவியலாத பூர்வ ஜனங்களின் விஷயத்தில் அந்த அநீதி சர்வசாதாரணமாக நடைபெறுகிறது. தென் இங்கிலாந்தின் புராதனக் குடியானவர்கள் இதற்கோர் உதாரணம். ரோமர் வருமுன், இரும்புக் காலத்தில், அவர்கள் அகழியும் மண்கரையும் வளைத்த பண்ணைகளில் வாழ்ந்தனர். அவ்வளைவுகளுக்குள் சுண்ணாம்புத் தரையில் வெட்டிய ஆழ்ந்த குழிகள் ஏராளம். அவற்றைக் கண்ட பண்டிதர் பலர், அந்த ஜனங்கள் குழிகளிலேயே குடியிருந்தனர் என்று முடிவு கட்டிவிட்டனர்.

இத்தீர்ப்பை மாற்றியவர் ஜெர்மானியரான கெர்ஹார்ட் பெர்சு. யூத வமிசத் தொடர்பு காரணமாக, நாஜி ஆட்சியில் 1935-ல் பிராங்க்பர்ட் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியை இழந்தவர். 1938, 1939-ம் ஆண்டுகளில் சாலிஸ்பரி நகருக்கருகே லிட்டில் உட்பரி என்னுமிடத்தை இவர் அகழ்ந்தார். குழிகளை மட்டும் தோண்டாமல் நிலத்தைப் பரப்பாகத் திறந்து, மரத்தூண்கள் ஊன்றியிருந்த தடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். சுமார் ஐம்பதடி விட்டமுள்ள பெரிய வட்ட வீடொன்று புலப்பட்டது! குழிகளோ தானியக் களஞ்சியங்கள். பண்ணையைச் சுற்றி முதலில் மரவேலியும் பின்னர் அகழியும் அமைந்தன. வீடும் விளைச்சலும் வேலியும் உடைய இவர்களையா குழிவாசிகள் என்பது?

மண்குழியில் தானியம் கெடாதா என்று கேட்போருக்கு, 1972-ல் ஹாம்ப்ஷயரில் பட்சர் பரிசோதனைப் பண்ணையைத் தொடங்கிய பீட்டர் ரெனால்ட்ஸ் செய்தே காட்டினார். குழியை நிரப்பிக் களிமண்ணால் மூடினால், ஓரத்துத் தானியம் முளைவிட்டுப் பிராணவாயுவைச் செலவிடும். கரியமிலவாயு நிறைந்ததும் முளைப்பு நின்று, மற்றவை விதைக்கும் பக்குவத்தில் தங்கும். நம் நாட்டில் தானியக் குழிகளைக் கண்டறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

பெர்சுவுக்குக் கிடைத்த சன்மானம் யாது? 1940-ல், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை மான் தீவில் காவலில் வைத்தது. அங்கும் அவர் சும்மாயிருக்கவில்லை. உடன் காவலிலிருந்தோரைக் கொண்டு பழைய வட்ட வீடுகளை அகழ்ந்து ஆராய்ந்தார். 1950-ல்தான் பிராங்க்பர்ட்டில் இழந்த பதவியை மீண்டும் ஏற்றார்.

சொந்த நாடு விலக்கி, வந்த நாடு சிறைவைத்த ஒருவர், அந்நாட்டு மூதாதையருக்கு வந்த இழிபெயரை நீக்கினார். முன்னோரைக் காட்டுமிராண்டிகள் என்று எவரேனும் கூறினால், நிலத்தை முழுதும் திறந்து பார்த்தீர்களா என்று கேட்பதே முறையென்பது நமது துணிபு.