நம்ம நிலத்தை எடுக்க யாருக்கு அதிகாரம்? லண்டன் சொன்னதும் நாம மாத்தினதும்

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ள மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின வீடியோவை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். என்எல்சி சுரங்கத்துக்காக பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்டும் வேலை அது. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தினதுன்னு நிறுவனம் சொன்னது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போய், பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி உத்தரவானது.

அரசு ஒருத்தர் நிலத்தை எடுத்தா, அதை யார் கேட்க முடியும்? நம்ம சட்டம் இதுக்குச் சொல்ற பதிலில் ஒரு பாதி இங்கிலாந்திலிருந்து வந்தது. இன்னொரு பாதியை நாம மாத்திட்டோம்.

இங்கிலாந்தில் ஒரே புத்தகமாக எழுதின அரசியலமைப்பு கிடையாது. பழைய சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதைத் தாங்குற தூண்கள் மூணு.

1. சட்டத்தின் ஆட்சி

ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் 1762-ல் அரசரின் ஆட்கள் புகுந்து காகிதங்களை அள்ளிட்டுப் போனாங்க. கையில் அமைச்சர் கொடுத்த வாரண்ட் இருந்தது. அப்படி வாரண்ட் கொடுக்க எந்தச் சட்டமும் இல்லை, அதனால் இது அத்துமீறல் என்று 1765-ல் நீதிமன்றம் சொன்னது. நம்ம அரசியலமைப்பின் 300-ஏ பிரிவும் இதே கருத்துதான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது.

2. நாடாளுமன்றமே உச்சம்

1942-ல் ஜப்பான் படை கையில் சிக்கக் கூடாதுன்னு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் நிலையங்களை பிரிட்டிஷ் படையே அழித்தது. இழப்பீடு தரணும் என்று 1964-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு அந்த உரிமையையே ரத்து செய்தது. அதைச் செல்லாதுன்னு சொல்ல அங்கே எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

3. அதிகாரப் பிரிவினை

சட்டம் போடுறவர், நடத்துறவர், தீர்ப்பு சொல்றவர் மூவரும் தனித்தனியா இருக்கணும். இங்கிலாந்தில் இது மெதுவாத்தான் வந்தது. நாட்டின் உச்ச வழக்குகளை நாடாளுமன்றத்தின் மேலவையான அதே பிரபுக்கள் சபைதான் விசாரித்தது. தனி உச்ச நீதிமன்றம் வந்தது 2009-ல்.

நம்ம ஊரில் நடந்தது

தொழில் தேவைக்கு நிலம் எடுக்க தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்தணும் என்று 2013-ல் மத்திய சட்டம் வந்தது. இரண்டும் முரண்படுது, அதனால் மாநிலச் சட்டம் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே சட்டமன்றம், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு, 2013 முதல் முன்தேதியிட்டு அதை உயிர்ப்பித்தது.

அப்படியே பர்மா ஆயில் கதைதான், இல்லையா? ஆனா இங்கே கதை அதோட முடியலை. நிலம் இழந்தவர்கள் அந்தப் புதுச் சட்டத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனாங்க. தீர்ப்பை வெறுமனே ரத்து செய்ய சட்டமன்றத்தால் முடியாது, தீர்ப்பு சுட்டிக்காட்டின குறையைச் சட்டப்படி சரிசெய்யலாம் என்று சொல்லி, 2021 ஜூன் 29 அன்று நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது.

நிலம் இழந்தவர்கள் தோத்துட்டாங்க, உண்மைதான். ஆனா லண்டனில் கேட்கவே முடியாத கேள்வியை டெல்லியில் கேட்க முடிந்தது. காரணம், இங்கே உச்சம் நாடாளுமன்றமும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. அரசியலமைப்புதான்.

நாளைக்கு உங்க வீட்டுக்கோ தாத்தா நிலத்துக்கோ நோட்டீஸ் வந்தா மூணு கேள்வி கேளுங்க. எந்தச் சட்டப்படி? அந்தச் சட்டம் சொன்ன முறைப்படி நடந்ததா? அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு உட்பட்டதா? முதல் இரண்டையும் ஒரு ஆங்கிலேயரும் கேட்கலாம். ஒரு சட்டத்தையே செல்லாததாக்கக் கூடிய மூணாவது கேள்வி நம்ம கையில் கூடுதலா இருக்கு.